ஒரு கோட்டில் தொலைந்த ஓ நெகட்டிவ்: குழப்பமான பட்டியலை ஜாவாஸ்கிரிப்டில் ரெக்கார்டுகளாக்குவது எப்படி?

ரத்த தானக் குழு ஒன்றுக்குப் பட்டியல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங், அரே, ஆப்ஜெக்ட் மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது: "பெயர், ரத்த வகை, ஊர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி அனுப்புங்கள்." வந்த பதில்கள் இப்படி இருந்தன. பெயர்களை மாற்றியிருக்கிறேன், வடிவத்தை மாற்றவில்லை.

முருகேசன், ஓ+, மதுரை, 03/04/2024
செல்வி - ஓ- - திண்டுக்கல் - 12.11.23
கதிர்|ஏ1 பாசிட்டிவ்|கோவை|
ஜான் பீட்டர்; ஏபி நெகட்டிவ்; தேனி, பெரியகுளம்; ஜனவரி
"ரஹீம், மு.", பி+, மேலூர்,
0+, லட்சுமி, மதுரை

மனிதர் ஒருவர் படித்தால் இதில் குழப்பமே இல்லை. நிரலுக்கோ இது வெறும் எழுத்துகளின் வரிசை. இதிலிருந்து கீழே இருப்பது போன்ற ஒன்றை எடுப்பதைத்தான் பார்ஸிங் என்கிறோம்:

{ வரி: 2, பெயர்: "செல்வி", பிரிவு: "ஓ-", ஊர்: "திண்டுக்கல்", தேதி: "2023-11-12" }

இது ஒரு ரெக்கார்டு. உள்ளே இருக்கும் பெயர், பிரிவு, ஊர் ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டு. ஃபீல்டுகளைப் பிரித்துக் காட்டக் காற்புள்ளி, கோடு, நேர்கோடு என்று எழுதுகிறவர் போடும் குறிக்கு டெலிமிட்டர் என்று பெயர். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஜாவாஸ்கிரிப்டில் ஃபீல்டுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேலே உள்ள ஆப்ஜெக்ட் அப்படியே செல்லுபடியாகும் நிரல்தான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி ஸ்ப்ளிட். ஒரு ஸ்ட்ரிங்கை எடுத்து, கொடுத்த குறி வரும் இடமெல்லாம் வெட்டி, துண்டுகளை அரேயாகத் தரும். முருகேசன் வரியைக் காற்புள்ளியில் வெட்டினால் இது கிடைக்கும்:

["முருகேசன்", " ஓ+", " மதுரை", " 03/04/2024"]

துண்டுகளின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை ட்ரிம் எடுத்துவிடும். நாலு ஃபீல்டு, நாலு துண்டு. இது வேலை செய்ததும் அடுத்து எல்லோரும் செய்வது, எல்லா டெலிமிட்டர்களையும் ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எந்த எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் வடிவம்) போட்டு எல்லா வரிகளையும் வெட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன்:

/[,;|-]/

இப்போது செல்வியின் வரியைக் கவனியுங்கள். அவர் ஃபீல்டுகளுக்கு நடுவே கோடு போட்டிருக்கிறார். அவருடைய ரத்த வகையிலும் ஒரு கோடு இருக்கிறது, அது நெகட்டிவ் என்பதற்கான கழித்தல் குறி. மேலே உள்ள ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். வெட்டி ட்ரிம் செய்தால் வருவது இது:

["செல்வி", "ஓ", "", "திண்டுக்கல்", "12.11.23"]

ஐந்து துண்டு. நடுவில் ஒரு காலித் துண்டு. "காலியானதை எடுத்துவிடலாம்" என்று ஒரு ஃபில்டர் போட்டேன்.

["செல்வி", "ஓ", "திண்டுக்கல்", "12.11.23"]

மறுபடி நாலு துண்டு, பார்க்கச் சுத்தமாக இருந்தது. எந்த எரரும் வரவில்லை. செல்வியின் நெகட்டிவ் மட்டும் காணாமல் போயிருந்தது. குறி இல்லாத 'ஓ'வைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளும் வரி ஒன்றும் என் நிரலில் இருந்தது, ஏனென்றால் நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் பாசிட்டிவ்தான். ரத்த வங்கியில் எப்படியும் பரிசோதித்துவிட்டுத்தான் ரத்தத்தை ஏற்றுவார்கள், அதனால் தவறான ரத்தம் யாருக்கும் போய்விடாது. ஆனால் நள்ளிரவில் யாராவது ஓ நெகட்டிவ் தேடினால் அந்தப் பட்டியலில் செல்வியின் பெயர் வராது. கிடைப்பதற்கே அரிதான ஒருவரை நிரல் ஒளித்து வைத்துவிட்டது. செல்வி தன் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்த்துக் கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது.

இதில் தவறுகள் மூன்று. கோட்டில் வெட்டியது முதல் தவறு. காலித் துண்டை ஃபில்டர் செய்தது இரண்டாவது, முதல் தவறு வெளியே தெரியாமல் போனது அதனால்தான். குறி இல்லாததைப் பாசிட்டிவ் என்று ஊகித்தது மூன்றாவது, மூன்றிலும் மோசம் அதுதான்.

காலித் துண்டை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். ஒருவர் "ரஹீம்,,மேலூர்" என்று அனுப்பினால், நடுவில் உள்ள காலியிடம் "ரத்த வகை தெரியாது" என்ற தகவல். அதை எடுத்துவிட்டால் மேலூர் ஒரு இடம் நகர்ந்து ரத்த வகை ஆகிவிடும்.

சரி, எந்தக் குறியில் வெட்டுவது? எல்லா வரிக்கும் ஒரே டெலிமிட்டர் என்பது இந்தப் பட்டியலில் நடக்காது. எல்லாக் குறிகளிலும் சேர்த்து வெட்டினால் ஜான் பீட்டரின் "தேனி, பெரியகுளம்" இரண்டாக உடையும். அவர் அரைப்புள்ளியைத்தான் டெலிமிட்டராக வைத்திருக்கிறார், காற்புள்ளி ஊர்ப் பெயரின் பகுதி. ஆக, ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் எந்தக் குறியை மனதில் வைத்திருந்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி நங்கூரம் தேடுவது. நாலு ஃபீல்டுகளில் ஒன்று மட்டும் பார்த்ததுமே அடையாளம் தெரியும். அதுதான் ரத்த வகை. பெயர் எதுவாகவும் இருக்கலாம், ஊர் எதுவாகவும் இருக்கலாம், ரத்த வகைக்கோ குறுகிய ஒரு பட்டியல்தான். எனவே சாத்தியமான டெலிமிட்டர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள்:

["|", ";", ",", " - "]

வரியை ஒவ்வொன்றாலும் தனித்தனியாக வெட்டிப் பாருங்கள். எந்த வெட்டில் சரியாக ஒரே ஒரு துண்டு ரத்த வகையாக அமைகிறதோ, அதுதான் அந்த வரியின் டெலிமிட்டர். ஜான் பீட்டர் வரியைக் காற்புள்ளியில் வெட்டினால் "ஜான் பீட்டர்; ஏபி நெகட்டிவ்; தேனி" என்று ஒரு நீளத் துண்டு வரும், அது ரத்த வகை இல்லை. அரைப்புள்ளியில் வெட்டினால் "ஏபி நெகட்டிவ்" தனியாகக் கழன்று வரும். இரண்டு டெலிமிட்டர்கள் பொருந்தினாலோ, ஒன்றுமே பொருந்தாவிட்டாலோ அந்த வரியை ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கே ஒதுக்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டியலில் கடைசிக் குறியைக் கவனித்தீர்களா? வெறும் கோடு அங்கே இல்லை, இருபுறமும் இடைவெளி உள்ள கோடுதான் இருக்கிறது. அதில் வெட்டினால் செல்வியின் வரி "செல்வி", "ஓ-", "திண்டுக்கல்", "12.11.23" என்று சரியாக விழும். தேதியை 12-11-23 என்று எழுதுகிறவர்களும் தப்பிப்பார்கள். இடைவெளியே இல்லாமல் "செல்வி-ஓ--திண்டுக்கல்" என்று ஒருவர் அனுப்பினால் எந்த டெலிமிட்டரும் பொருந்தாமல் வரி ஒதுங்கிவிடும். அது ஒதுங்குவதுதான் சரி.

கோட்டிலேயே இன்னொரு தொல்லை உண்டு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் கோடுகள் யூனிகோடில் பல இருக்கின்றன: சாதாரண கோடு, அதைவிடச் சற்று நீளமான கோடு, கணிதக் கழித்தல் குறி. போன் கீபோர்டு தானாகவே ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடும். வெட்டுவதற்கு முன்பே /[–—−]/ என்பதில் மாட்டுவதையெல்லாம் சாதாரண கோடாக மாற்றிவிடுங்கள். எல்லா இடத்திலும் மாற்ற, அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு 'குளோபல்' கொடியைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

ரஹீமின் வரியில் பெயருக்கு மேற்கோள்குறி போட்டிருக்கிறது, பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருப்பதால். சிஎஸ்வி கோப்புகளின், அதாவது ஃபீல்டுகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்புகளின் பழக்கம் இது. அந்தப் பழக்கங்களை 2005ல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தார்கள்: ஃபீல்டுக்குள் காற்புள்ளி வந்தால் முழு ஃபீல்டையும் மேற்கோள்குறிக்குள் வை, உள்ளே மேற்கோள்குறியே வந்தால் அதை இரட்டிப்பாக எழுது. இதை ஸ்ப்ளிட்டால் சமாளிக்க முடியாது. ஏனென்றால், தான் இப்போது மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக நடந்துதான் போக வேண்டும். ஒரு வேரியபிளில் "உள்ளே" என்ற நிலையை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்குறி வரும்போதெல்லாம் அதைத் திருப்பிப் போடுங்கள். டெலிமிட்டர் வந்தால், வெளியே இருக்கும்போது மட்டும் வெட்டுங்கள், உள்ளே இருந்தால் அதையும் ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு நடையைத் தொடருங்கள். இருபது வரி நிரலுக்கு மேல் ஆகாது. ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், பார்ஸிங் என்றால் என்ன என்று அங்கேதான் புரியும்.

ஆனால் எக்செல்லிலிருந்து வந்த முழுமையான சிஎஸ்வி கோப்பு என்றால் கையால் எழுதாதீர்கள். அங்கே மேற்கோள்குறிக்குள் வரி முறிவும் வரலாம், முதலில் வரிகளாக வெட்டும் நம் வழியே அங்கே தவறாகிவிடும். பாப்பா பார்ஸ் போன்ற லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். அது டெலிமிட்டரையும் ஊகிக்கும், ஆனால் முழுக் கோப்புக்கும் ஒன்றாக. நம்முடையது போல வரிக்கு வரி மாறும் பட்டியலுக்கு அந்த ஊகம் உதவாது.

பைத்தானிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ளிட்டுக்கு இரண்டாவதாக ஒரு எண் கொடுக்கலாம். பைத்தானில் அத்தனை வெட்டுக்குப் பிறகு மிச்சம் முழுவதும் கடைசித் துண்டில் பத்திரமாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அத்தனை துண்டுகளைத் தந்துவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டுவிடும், சத்தமே இல்லாமல்.

இனி நங்கூரத்துக்கு வருவோம். ஒரு துண்டு ரத்த வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓ பாசிட்டிவ் ஒன்றுக்கே எத்தனை எழுத்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன்: 'ஓ+', 'ஒ+', 'ஓ பாசிட்டிவ்', 'ஓ பாஸிட்டிவ்', ஆங்கில எழுத்தில் ஒன்று, கூட்டல் குறிக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'வி', 'ஈ' என இரண்டெழுத்து சேர்த்து ஒன்று, ஓவுக்குப் பதில் சுழியம் போட்டு '0+' என்று ஒன்று. இதற்கெல்லாம் சாமர்த்தியமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுத முயல வேண்டாம். ஒரு அகராதி போதும்:

{ "ஓ+": "ஓ+", "ஒ+": "ஓ+", "0+": "ஓ+", "ஓபாசிட்டிவ்": "ஓ+", "ஓ-": "ஓ-", "ஓநெகட்டிவ்": "ஓ-" }

துண்டிலிருந்து இடைவெளிகளையும் புள்ளிகளையும் நீக்கி ஒரு சாவி செய்துகொண்டு அகராதியில் தேடுங்கள். இருந்தால் அது ரத்த வகை, இல்லாவிட்டால் இல்லை. அகராதி எழுதச் சலிப்பாக இருக்கும், ஆனால் நிரல் தெரியாத ஒருவர்கூட அதைப் படித்து "இது தப்பு" என்று சொல்ல முடியும். ரத்த வங்கியில் வேலை செய்கிற ஒருவரிடம் காட்டித் திருத்த முடிகிற நிரல்தான் இங்கே நல்ல நிரல் என்பது என் எண்ணம். உதாரணமாக, நம் ஊரில் பலர் 'ஏ1 பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். அதை 'ஏ+' என்று சுருக்கலாமா, தனியாக வைக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், நாம் இல்லை.

குறி இல்லாத வெறும் 'ஓ' இந்த அகராதியில் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை.

தமிழில் எழுதிய தகவலை ஒப்பிடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'கோவை' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். நீளம் கேட்டால் ஒன்று 4 என்னும், இன்னொன்று 5 என்னும். மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்றே சொல்லும். "கோவையில் யார் இருக்கிறார்கள்?" என்று தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள், காரணமும் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஸ்ட்ரிங்கில் நார்மலைஸ் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டாலே என்எஃப்சி என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வரியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

அதேபோல ட்ரிம் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். சாதாரண இடைவெளி, டேப், விண்டோஸ் கோப்புகளில் வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் ரிட்டர்ன் குறி எல்லாம் போகும். அகலமே இல்லாத இடைவெளி என்று ஒரு யூனிகோடு எழுத்து உண்டு, 200பி என்ற குறியீட்டில் இருப்பது. அது போகாது. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடும். அகராதியில் தேடும் சாவியிலிருந்து அதைத் தனியாக நீக்க வேண்டும்.

அடுத்தது தேதி. முருகேசன் 03/04/2024 என்று எழுதியது ஏப்ரல் 3ஐ. அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் கொடுத்தால், குரோமிலும் சரி நோட் ஜேஎஸ்ஸிலும் சரி, அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று படிக்கும். ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தபின் மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். தேதி ஒரு மாதம் முன்னால் நகர்ந்தால், இன்னும் கொடுக்கக் கூடாதவரை அழைத்துவிடுவோம். 25/04/2024 என்றால் 25வது மாதம் இல்லை என்பதால் செல்லாத தேதி என்று சொல்லிவிடும். 12 வரையிலான நாள்கள்தான் சத்தமில்லாமல் தவறாகப் போகும். பத்து வரி வைத்துச் சோதித்தால் சில சரியாகக்கூடத் தெரியும், 04/04 போல.

எனவே தேதியையும் நாமே வெட்ட வேண்டும். /[.\/-]/ என்பதில் வெட்டினால் நாள், மாதம், ஆண்டு என மூன்று துண்டு. ஆண்டு இரண்டு இலக்கமாக இருந்தால் 2000ஐக் கூட்டுங்கள். டேட்டிடம் எண்களாகக் கொடுக்கும்போது மாதத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், அது ஜனவரியை 0 என்று எண்ணும். பிப்ரவரி 31 என்று கொடுத்தாலும் மறுக்காது, மார்ச்சுக்குள் உருட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்பக் கேட்டு, கொடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

எண்களிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. "இதுவரை எத்தனை முறை கொடுத்தீர்கள்?" என்று ஒரு ஃபீல்டு சேர்த்தால் சிலர் காலியாக விடுவார்கள். காலி ஸ்ட்ரிங்கை நம்பர் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் 0 என்று வரும். "தெரியவில்லை" என்பது "ஒருமுறைகூட இல்லை" ஆகிவிடும். காலியா என்று முதலில் பார்த்து, காலி என்றால் 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் நல் (null) என்று வையுங்கள். "1,250" போன்ற எண்ணை பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் 1 என்று சொல்லும், காற்புள்ளியைப் பார்த்ததும் நின்றுவிடும். போன் நம்பரை எண்ணாக மாற்றவே வேண்டாம். அதை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்யப் போவதில்லை. ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

எக்செல் இந்த மாதிரி ஊகங்களில் இன்னும் துணிச்சலானது. செப்ட்1, மார்ச்1 என்று பெயருள்ள மனித மரபணுக்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

இனி, ஒதுக்கி வைத்த வரிகள். நிரல் முடியும்போது கையில் இரண்டு அரே இருக்க வேண்டும். ஒன்றில் பதிவுகள், இன்னொன்றில் சிக்கல்கள். சிக்கல் ஒவ்வொன்றும் இப்படி இருக்கட்டும்:

{ வரி: 6, காரணம்: "ரத்த வகை முதல் இடத்தில் இருக்கிறது", மூலம்: "0+, லட்சுமி, மதுரை" }

லட்சுமியின் வரியில் ரத்த வகை கிடைத்துவிட்டது. மீதி இரண்டில் எது பெயர், எது ஊர் என்று நமக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. பழனி, சிதம்பரம் என்ற பெயருள்ள மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் ஊர்ப் பட்டியல் வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஒரு மனிதர் பார்த்துவிட்டால் ஐந்து நொடியில் முடிகிற வேலை.

எல்லாக் குறைக்கும் வரியை முழுதாக ஒதுக்கத் தேவையில்லை. ஜான் பீட்டர் "ஜனவரி" என்று மட்டும் எழுதியிருக்கிறார், எந்த ஆண்டு என்று தெரியாது. தேதியை நல் என்று வைத்து, குறிப்பு ஒன்றைச் சேர்த்து, ரெக்கார்டை ஏற்றுக்கொள்ளலாம். அவரை அழைக்கும்போது கேட்டுக்கொள்வார்கள். ரத்த வகை இல்லாவிட்டால்தான் ரெக்கார்டுக்கு அர்த்தமே இல்லை. எந்த ஃபீல்டு இல்லாமல் காலம் தள்ளலாம், எது இல்லாமல் முடியாது என்பதை நிரல் எழுதுவதற்கு முன்பே, பட்டியலைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூல வரியை ஏற்ற ரெக்கார்டிலும் வைக்க வேண்டும், சிக்கலிலும் வைக்க வேண்டும். கடைசியில் ஒரு கணக்கு: காலி அல்லாத வரிகளின் எண்ணிக்கை, பதிவுகளும் சிக்கல்களும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ யாரோ தொலைந்திருக்கிறார்கள்.

என் சிக்கல் பெட்டியில் முதல்முறை விழுந்தவற்றில் ரத்த வகைக்கான இடத்தில் "பாம்பே" என்று எழுதிய ஒரு வரியும் இருந்தது. ஊரை இடம் மாற்றி எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியொரு ரத்த வகையே இருக்கிறது. 1952ல் பம்பாயில் மருத்துவர் பெண்டே முதலில் கண்டுபிடித்தது, மிக அரிது. வழக்கமான பரிசோதனையில் ஓ போலவே தோன்றும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றக் கூடாது. அதே வகை உள்ளவர்தான் கொடுக்க முடியும். எட்டு வகைக்குள் அடங்காததைக் கழித்துவிடும்படி எழுதியிருந்தால், அந்தப் பட்டியலிலேயே மிக அரிதான மனிதரைத்தான் முதலில் நீக்கியிருப்பேன். குழுவில் உள்ளவர்களிடம் கேட்டு அகராதியில் ஒரு வரியைச் சேர்த்தேன், மூல வரிகள் எல்லாம் அப்படியே இருந்ததால் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.